ஆட்டுக்கு அடியில் வைத்த தட்டு

இந்தக் கதையை உப்பளத்துக்காரர்கள் ஒரு விதமாகச் சொல்கிறார்கள், தோணிக்காரர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். உப்பளத்துக்காரர்கள் கதையில் தட்டு தானாகவே நிரம்பிக்கொண்டிருந்தது. தோணிக்காரர்கள் கதையில் வானத்திலிருந்து ஒரு கை இறங்கி வந்தது. கை எதற்கு வரவேண்டும் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதைவிடப் பெரியது.

ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு மணல்மேடு. மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் தண்ணீர். மேட்டின் மேல் ஓலை வேய்ந்த ஒரு தைக்கா. இறைவனைத் தேடி வருகிறவர்கள் தங்குவதற்கும் தொழுவதற்கும் ஒரு குருவிடம் பாடம் கேட்பதற்கும் கட்டிய இடம் அது.

அங்கே குருவாக இருந்தவர் கிழுறு அசரத். வயது முப்பத்தாறு. அதற்கு முன்னால் பத்து வருஷம் தோணியில் பண்டாரியாக இருந்து மாலுமிகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர். பழைய குருவான ஷெய்கு கண் மூடும் நேரத்தில், சுற்றி நின்ற, மார்க்கம் படித்த ஆலிம்களை எல்லாம் விட்டுவிட்டு, கஞ்சி கொண்டு வந்த இவர் கையைப் பிடித்துத் தன் தலைப்பாகையைக் கொடுத்துவிட்டார். ஆலிம்கள் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள்தான். ஒருவரும் திரும்பவில்லை.

புதிதாக ஒரே ஒருவர் வந்தார். சாலிகு லெப்பை. வயது அறுபத்திரண்டு. மதரஸாவில் முப்பது வருஷம் பாடம் சொன்னவர். எந்தக் கிதாபை எங்கே திறந்தாலும் அடுத்த வரியைப் பார்க்காமல் சொல்லுவார். ஆக, சீடர் குருவைவிட இருபத்தாறு வயது மூத்தவர். குரு அவரைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை.

வந்த அன்றே லெப்பை காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"என் மகன் கடல்ல முங்கிப் போயிட்டான், அசரத். நாலு வருஷம் ஆச்சு."

அசரத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னையிலேருந்து என் நெஞ்சு என்னை விட்டு நகரமாட்டேங்குது. தொழ நின்னா என் வலிதான் தெரியுது. தரையில நெத்தியை வச்சா என் நெத்திதான் தெரியுது. ஆண்டவன் தெரியல. அவனைப் பத்தி முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான்."

"உங்களுக்கு என்ன வேணும், காக்கா?"

"ஒரு கராமத்து. ஒண்ணே ஒண்ணு. இறைநேசர் கையால நடக்குற அற்புதம் ஒண்ணை நான் கண்ணால பாக்கணும். அவன் இருக்கான்னு என் நெஞ்சு ஒத்துக்கணும்."

"எனக்குச் சோறாக்கத்தான் தெரியும்."

"பரவாயில்ல, பாத்துக்கிட்டே இருக்கேன். அடுத்த கந்தூரி முடியிற வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் காணலேன்னா தோணி ஏறிடுவேன். அப்புறம் தொழமாட்டேன். பொய்யாக் குனிய இனிமே என்னால முடியாது."

 அசரத் கேட்டார்.

"வெங்காயம் உரிக்கத் தெரியுமா?"

லெப்பை ஒரு வருஷம் வெங்காயம் உரித்தார். விறகு பிளந்தார். தண்ணீர் சுமந்தார். ஒரு கண் வேலையில் இருக்கும், மற்றொரு கண் அசரத்தின் மேல் இருக்கும். அசரத் தண்ணீர்மேல் நடக்கவில்லை. மூடிய கதவு வழியாக வரவில்லை. ஒரு நாள் சட்டியைத் தூக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டு "அல்லாவே" என்று கத்தினார். அன்றைக்கு லெப்பைக்கு ரொம்பவும் மனம் உடைந்துபோனது.

தைக்காவின் வருஷ விருந்தான கந்தூரி வந்தது.

உவைசு மரைக்காயரின் கப்பல் புயலில் தப்பி வந்திருந்தது. நேர்ச்சையாக ஒரு பெரிய கிடாயை அவர் தைக்காவுக்கு அனுப்பியிருந்தார். முழு ஆடாகச் சுடவேண்டும், அக்கரையிலிருந்து விருந்தாளிகளை அவரே கூட்டி வருவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

காலையில் ஆட்டைக் கம்பியில் கோத்து, கீழே இரண்டு வரிசையாக நெருப்புக் கங்குகளைக் குவித்தார்கள். நடுவில் வைக்க நீளமான செப்புத் தட்டு ஒன்று இருந்தது. லெப்பை அந்தத் தட்டு நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்தார். அவர் ஊரில் அப்படித்தான். சொட்டுகிற கொழுப்பு கங்கில் தெறித்தால் தீ எழும்பிக் கறி கருகிவிடும். மணல் உறிஞ்சிவிட்டால் தொந்தரவு இல்லை. வேலை முடிந்ததும் மணலைத் தூக்கி நாய்க்குக் கொட்டுவார்கள்.

"என்ன காக்கா இது?"

"மணல், அசரத். சொட்டுறதைக் குடிக்கட்டும்."

"மணல் எதுக்குக் குடிக்கணும்?"

அசரத் தட்டை வாங்கி மணலைக் கொட்டினார். மூன்று தரம் கழுவினார். ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தட்டிய இஞ்சியும் நான்கு சின்ன வெங்காயமும் போட்டு, ஆட்டுக்கு நேர் அடியில் வைத்தார்.

சூடு ஏற ஏறச் சொட்ட ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு சொட்டு. பிறகு நிற்காமல்.

"கறிதானே வேணும், அசரத்? இது கழிவுதானே?"

"கறிங்கிறது ஆடு தன்கிட்டயே வச்சுக்கிட்டது. இது அது விட்டது."

பண்டாரி பேச்சு என்று லெப்பை நினைத்துக்கொண்டார். அவர் நெருப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. கங்கு தணிந்தால் கிளறவேண்டும், எழும்பினால் சாம்பல் தூவவேண்டும். விருந்தாளிகள் உட்கார்ந்தபோதும் அவர் கம்பியைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்.

பெரிய சகன் தட்டுகளில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, தட்டுக்கு ஐந்து பேராகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மரைக்காயர் கூட்டம் சாப்பாட்டுக்குப் பேர் போனது. ஒரு நாழிகையில் ஆடு இருந்த இடம் தெரியவில்லை. அவருடைய வேலையாட்கள் எலும்பைக்கூட விட்டுவைக்காமல் வாரி ஆற்றில் போட்டுச் சுத்தம் செய்தார்கள். ஒருவன் செப்புத் தட்டையும் தூக்கினான்.

"அதை வச்சிடு தம்பி" என்றார் அசரத்.

"வெறும் கொழுப்புத் தண்ணிதான் அசரத் இருக்கு."

"ஆமா. வச்சிடு."

அவரே தட்டை ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டு போய் அடுப்படி மூலையில் வைத்து ஒரு கூடையால் மூடினார்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே வானம் கறுத்தது. மரைக்காயர் அவசரமாக எல்லோரையும் தோணியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடைசித் தோணி சந்தியாகுவுடையது. லெப்பை தன் மூட்டையைக் கட்டி வைத்திருந்தார். கந்தூரி முடிந்துவிட்டது. அவர் சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை.

"இந்த நடையில இடம் இல்ல, லெப்பை. இவங்களை இறக்கிவிட்டுட்டு வந்து ஏத்திக்கிறேன்" என்றார் சந்தியாகு.

அவரால் வரமுடியவில்லை. வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. இருட்டுவதற்குள் ஆறு கரையைத் தாண்டிவிட்டது. உப்பளமும் ஆறும் கடலும் ஒரே தண்ணீராகிவிட்டன. மேடு மட்டும் மிச்சம்.

அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நனைந்துகொண்டு உப்பளத்துக் குடிசைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கைக்குழந்தை ஒன்று போக முப்பத்தெட்டுப் பேர். மழை பிடித்து ஒரு வாரமாக உப்பு வாரும் வேலை இல்லை, அதனால் ஏற்கெனவே அரைப்பட்டினி. சிறு பிள்ளைகள் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தன. வந்ததும் வராததுமாகப் பெண்கள் ஒப்பாரி வைத்து அழ ஆரம்பித்தார்கள்.

"எல்லாம் முங்கிட்டு, பாய்" என்றார் ஒரு கிழவர்.  துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பேராச்சி என்ற பெண்ணின் கையில் இரண்டு மாதக் குழந்தை இருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் அது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"பால் வத்திட்டு" என்றாள் அவள். யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் சொன்னாள்.

லெப்பைக்கு அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

தைக்காவில் ஒரு மூட்டை குருணை அரிசி இருந்தது. மழைத் தண்ணீர் இருந்தது. பின்பக்கம் ஒரு முருங்கை மரம் நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

அசரத் பெண்களுக்கு ஓலைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார். தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து வரிசையாக அடுக்கினார். வந்தவர்களுக்கு முப்பத்தெட்டு, தனக்கு ஒன்று, லெப்பைக்கு ஒன்று. குருணையைப் போட்டுப் பெரிய பானையில் கஞ்சி ஏற்றினார். பிறகு கூடையைத் தூக்கினார்.

மழைக் குளிரில் தட்டின் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து இறுகிக் கிடந்தது. அசரத் விரலை மடக்கித் தட்டினார். கதவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது.

"மூடி நல்லா விழுந்திருக்கு" என்றார்.

கத்தி முனையால் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுத் தட்டைச் சாய்த்தார். உள்ளேயிருந்து கறுப்பாக, வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, சாறு வந்தது. ஒரு அகப்பை அளவு கஞ்சியில் விழுந்ததும் நிமிர்த்திவிட்டார். அகப்பைக் காம்பைச் சுட வைத்து ஓட்டையைச் சுற்றி இருந்த கொழுப்பை இளக்கி, மறுபடி அடைத்தார்.

"ஏன் அசரத் அடைக்கிறீங்க?"

"காத்து படாட்டாக் கெடாது. கடல்ல இப்படியே பதினஞ்சு நாள் ஓட்டியிருக்கேன்."

பானையைக் கிளறினார். மணம் எழும்பியது.

ஒரு முழு ஆடு சுட்ட மணம் அது. காலையிலிருந்து கங்கின் மேல் தொங்கிய ஆட்டின் மணம் முழுவதும் அந்த ஒரு அகப்பைக்குள் இருந்திருக்கிறது. தட்டிக்குப் பின்னால் ஒப்பாரி தேய்ந்து நின்றது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் மூக்கைத் தூக்கிப் பார்த்தன. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கிழவர் துண்டை விலக்கித் திரும்பினார்.  முப்பத்தெட்டுப் பேர் இருக்கிற இடத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நிக்காதீங்க காக்கா. கொண்டு போய்க் குடுங்க."

லெப்பை கொண்டு போனார். முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு முதியவர்களுக்கு. குடித்த பிள்ளைகள் வாந்தி எடுக்கவில்லை. பேராச்சியின் சிரட்டையை அசரத் பானையின் அடியிலிருந்து கெட்டியாக மொண்டு கொடுத்தார். அவள் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சிரட்டையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லாதவள்.

லெப்பை அடுப்படிக்குப் போனார். இன்னொரு சிரட்டையோடு வந்தார். அவள் அதையும் குடித்தாள்.

"பிள்ளைய வச்சுப் பாரும்மா."

"வச்சேன், பெரிய பாய். வரல."

மறுநாளும் மழை விடவில்லை. காலையில் கஞ்சி. ஒரு அகப்பைச் சாறு, மறுபடி மூடி. மத்தியானம் அசரத் மழையில் நனைந்துகொண்டே முருங்கைக் கீரை ஒடித்து வந்தார். மூடியிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு கொழுப்பைச் சுரண்டிச் சட்டியில் உருக்கி அதில் கீரையை வதக்கினார். அதைக் கஞ்சியில் பிரட்டி ஊற்றினார். அந்தியில் மறுபடி கஞ்சி. ஒவ்வொரு வேளையும் லெப்பை கடைசியாகப் போன இடம் பேராச்சி இருந்த தட்டிப் பக்கம்தான். இரண்டு கையிலும் சிரட்டையோடு போவார், குழந்தை என்ன செய்கிறது என்று கேட்பார்.

அன்று மாலை குழந்தை வாயைத் திறப்பதையும் நிறுத்திவிட்டது.

அந்தி மஃரிப் தொழுகைக்கு லெப்பையும் அசரத்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஸலாம் கொடுத்து முடித்ததும் லெப்பை கேட்டது இதைத்தான்.

"பிள்ளை முனகுச்சே, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அசரத், நீங்க ஒரு துஆ கேளுங்க. நீங்க கேட்டா நடக்கும்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க போய் அடுப்புல விறகைத் தள்ளுங்க."

மூன்றாம் நாள் காலையில் சாறு முடிந்தது. அசரத் மூடியை முழுசாகத் தூக்கி எடுத்துத் தனியே வைத்தார். தட்டின் அடியில் கருகிப் பழுப்பேறி ஒட்டிக்கிடந்த பற்று மட்டும் மிச்சம். எந்த வீட்டிலும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் விடுவார்கள். லெப்பையின் முகம் விழுந்துவிட்டது.

"தீந்துபோச்சா, அசரத்?"

"இனிமேதான் இருக்கு."

தட்டை நேராக அடுப்பில் வைத்தார். காய்ந்ததும் ஒரு செம்பு கொதிதண்ணீரை ஊற்றினார். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. மரக்கரண்டியால் மெதுவாக, மூலை மூலையாக, பற்றை இளக்கினார். தண்ணீர் சிவந்து, பழுத்து, கறுத்தது. அதன் மணம் முதல் நாள் மணத்தைவிட ஆழமாக இருந்தது. தட்டின் செம்பு நிறம் அடியில் பளபளத்தது. லெப்பை அகப்பையைப் பிடித்தபடியே அதைப் பார்த்து நின்றார். ஒரு தட்டுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எந்தக் கிதாபிலும் அவர் படித்ததில்லை.

கஞ்சி ஆயிற்று. லெப்பை சுமந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாகப் பேராச்சிக்குக் கொடுத்துவிட்டு, தட்டிக்கு வெளியே வந்து நின்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மழை விட்டிருந்தது. ஓலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. மடக், மடக். நின்றது. மறுபடி மடக், மடக், மடக்.

"பெரிய பாய்!" பேராச்சி கூப்பிட்டாள். "பால் வந்துட்டு! குடிக்கான் பெரிய பாய்! குடிக்கான்!"

 முப்பத்தேழு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு குழந்தை பால் குடிக்கும் சத்தத்தைக் கேட்டார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிழவர் எழுந்து நின்று, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்துக் கும்பிட்டார். லெப்பை கண்ணீர் தாடியில் வழிய வழியச் சிரித்தார். அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மிச்சம் இருந்த கொழுப்பை அசரத் ஒரு சட்டியில் இளக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"கிளம்பறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரா வந்து காலை நீட்டுங்க."

உப்பளத்துக்காரர்கள் கால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்புக்குள் உப்பு இறங்கிச் சதையைத் தின்னும். அந்தக் கால்களை அசரத் மடியில் தூக்கி வைத்து, வெடிப்பு வெடிப்பாக வெதுவெதுப்பான கொழுப்பைத் தேய்த்தார்.

"அசரத், நீங்களா? குடுங்க, நான் தேய்க்கிறேன்" என்று லெப்பை பதறினார்.

"உங்களுக்கும் ரெண்டு கை இருக்குதானே? அந்தப் பக்கம் உக்காருங்க."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுபத்தாறு கால்களுக்குத் தேய்த்தார்கள். கிழவர் காலை இழுத்துக்கொண்டார். அசரத் விடவில்லை. கடைசிக் காலுக்குச் சட்டியைத் துடைத்துத் தேய்த்தபோது சட்டியில் விரல் தடம்கூட இல்லை.

சந்தியாகுவின் தோணி வந்து கரையில் முட்டியது. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவர் செப்புத் தட்டைத் தேடிப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒத்தத் தட்டுல முப்பத்தெட்டுப் பேரா! அஞ்சு வேளையா! கராமத்துதான், வேற என்ன?"

"கராமத்து, கராமத்து" என்று உப்பளத்துக்காரர்களும் சொன்னார்கள். அந்த வார்த்தையை அவர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் திருத்தமாகச் சொன்னார்கள்.

அவர்கள் தங்கள் குடிசைகளைப் பார்க்க மேட்டை விட்டு இறங்கிப் போனார்கள். லெப்பை அசரத்துக்கு எதிரே வந்து நின்றார். 

"அசரத், நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பாத்தது கராமத்துதானே? ஆமான்னு சொல்லுங்க, மூட்டையை அவிழ்த்துடுறேன்."

"இல்ல, காக்கா. சமையல்."

லெப்பை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எந்தத் தோணிப் பண்டாரியைக் கேட்டாலும் செய்வான்" என்றார் அசரத். "குருணை இருந்துச்சு, கொழுப்பு இருந்துச்சு. கொதிக்க வச்சேன். உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன்."

 லெப்பை உள்ளே போய் மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அசரத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்து முஸாஃபஹா செய்து விடைபெற்றார். கரையை நோக்கி நடந்தார்.

"காக்கா."

லெப்பை நின்றார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. கேட்டுட்டு அனுப்பிடுறேன்."

"கேளுங்க, அசரத்."

"நான் ஆளுக்கு ஒரு சிரட்டைதான் ஊத்துனேன். பேராச்சிக்கும் ஒண்ணுதான். அதுக்கு மேல பானையில ஒரு சொட்டு இருந்ததில்ல. ஆனா ஒவ்வொரு வேளையும் அவ ரெண்டு குடிச்சா. அந்த ரெண்டாவது சிரட்டை எங்கேருந்து வந்துச்சு?"

"அது என்னோடது. பச்சைப் பிள்ளைக்காரி, அவளுக்கு எப்படிப் போதும்? அதான் குடுத்தேன்."

"ஒவ்வொரு வேளையுமா?"

"ஆமா."

"அப்ப நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

லெப்பை சொல்ல வாயெடுத்தார். கந்தூரி அன்று நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. அன்று மாலை சிரட்டைகளைச் சுமந்தார். மறுநாள் காலை சுமந்தார். மத்தியானம் கீரைக் கஞ்சி சுமந்தார். அந்தியில் சுமந்தார். இன்று காலை சுமந்தார். ஒவ்வொரு வேளையும் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவருக்கு முகம் முகமாக ஞாபகம் இருந்தது. அந்த முகங்களுக்கு நடுவில் தன்னைத் தேடிப் பார்த்தார். காணவில்லை.

மூட்டை தோளிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை.

"ரெண்டரை நாள்" என்றார் அசரத், ரொம்ப மெதுவாக. "நெஞ்சு உங்களை விட்டு நகரமாட்டேங்குதுன்னீங்களே. பசிச்சுதா, காக்கா?"

அப்போதுதான் லெப்பைக்குத் தன் வயிறு ஞாபகம் வந்தது.  அவர் மெல்ல அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்தார்.

சந்தியாகு கரையிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்.